ஹாஷ் குப்பையாக வருகிறது, உதவுங்கோ

கொக்குவில் பொடியன்:
அண்ணைமார், சி நிரல்மொழி படிக்கத் தொடங்கி இரண்டு மாதம். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லுக்கு எஸ்எச்ஏ-256 ஹாஷ் (தரவின் கைரேகை போன்ற ஒரு மதிப்பு) எடுத்தேன். அதை அச்சிடப் பிரிண்ட்எஃப்பில் சரமாக (எழுத்துத் தொடராக) கொடுத்தால் திரை முழுக்கக் கேள்விக்குறியும் பெட்டியும்தான்.

சுன்னாகம் அண்ணை:
தம்பி, அது சரம் இல்லை, வெறும் 32 பைட். சரத்தின் முடிவைக் காட்டும் பூச்சியம் இதில் கடைசியில் இருக்கும் என்று நம்ப ஏலாது. ஒவ்வொரு பைட்டையும் இரண்டு பதினறும இலக்கமாக (0 முதல் 9, a முதல் f) அச்சிடும். மொத்தம் 64 இலக்கம் வரும். அது சரி, ஹாஷ் எடுக்கும்போது சொல்லின் நீளம் எத்தனை பைட் என்று கொடுத்தீர்?

பொடியன்:
6. யா, ழ், ப், பா, ண, ம். விரல்விட்டு எண்ணினேன்!

அண்ணை:
அட, அங்கேதான் பிழை. எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அரவும் (ா) குற்றும் (மேற்புள்ளி) தனித்தனி, எழுத்தோ குறியோ ஒவ்வொன்றும் 3 பைட். முழுச்சொல் 33 பைட். நீர் 6 கொடுத்ததால் ‘யா’ மட்டும்தான் ஹாஷ் ஆகியிருக்கிறது. நீளத்தைப் பைட்டில் எண்ணித் தரும் ஸ்டர்லென் போடும்.

இன்னொருவர்:
டெர்மினலில் எக்கோ கட்டளையால் அதே சொல்லை அனுப்பி ஹாஷை ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் எக்கோவுக்கு மைனஸ் என் (-n) சேர்க்கவும். இல்லாவிட்டால் புதுவரிக் குறியும் உள்ளே போய்விடும். எனக்கு ஒரு இரவு அதிலேயே போனது.