ப்ளைட்ல காத்து சுத்தமா இருக்குமா?

கேள்வி: நீண்ட ப்ளைட்ல போனாலே தொண்டை வறண்டு தலைவலி வருது, உள்ளயே சுத்துற காத்துதான் காரணமா? மாஸ்க் போட்டா உதவுமா?

பதில் 1: காத்து அவ்வளவு மோசம் இல்லைங்க, ஏறக்குறைய பாதி வெளிக்காத்து, மீதி உள்காத்து ஹெப்பா ஃபில்டர் (தூசி, கிருமியெல்லாம் பிடிக்கிற வடிகட்டி) வழியா வருது, 2-3 நிமிஷத்துக்கு ஒருக்கா மொத்தமும் மாறிடும். பிரச்சனை ஈரப்பதம்தான், 20 சதவீதத்துக்கும் கீழ போயிடும், மூக்குக்குள்ள பொருக்கு தட்டிடும். மூக்குல சலைன் ஸ்ப்ரே (உப்புத்தண்ணி ஸ்ப்ரே) அடிங்க.

பதில் 2: தலைவலிக்கு கேபின் பிரஷரையும் பாருங்க, 6000-8000 அடி மலை மேல உக்காந்திருக்க கணக்குதான், ஆக்சிஜன் கம்மி. அதுல சரக்கு வேற போட்டா கேக்கவே வேணாம் 😄

பதில் 3: பக்கத்து சீட்டுக்காரர் இருமினா ஃபில்டருக்குப் போறதுக்கு முன்னாடி உங்க மூஞ்சிக்குத்தான் வரும், அதனால மாஸ்க் போடுங்க, தலைக்கு மேல இருக்க ஏர் வென்ட்ட மூடாதீங்க. அழுக்கு சாக்ஸ் நாத்தம் வந்தா மட்டும் உடனே க்ரூகிட்ட சொல்லுங்க, இன்ஜின் ஆயில் புகை கலந்திருக்கலாம், போயிங் 787 தவிர பெரும்பாலான ஜெட்ல காத்த இன்ஜின்லேருந்துதான் எடுக்குறாங்க.