கலாம் வீட்டு மாடிப்படியில் அம்மா சொன்னது

தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் எங்களுக்குத் தூரமில்லை. அக்னி தீர்த்தத்துக்கும் கோயிலுக்கும் எத்தனை தடவை போயிருப்போமோ, கணக்கில்லை. ஆனால் கலாம் ஐயா பிறந்த வீட்டுக்குள் ஒருதரம்கூட நுழைந்ததில்லை. இந்த லீவில் ஏழாவது படிக்கும் என் மகள்தான் பிடிவாதமாக நின்றாள்: முதலில் அந்த வீடு, மற்றதெல்லாம் பிறகு. அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று விடிவதற்குள் கிளம்பிவிட்டோம்.

ராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் பள்ளி வாசலில் ஐந்து நிமிடம் நின்றோம். தீவை விட்டு வந்து அவர் தங்கிப் படித்த பள்ளி அது. "அப்ப ரோட்டுப் பாலம் ஏது தாயி, ரயிலு ஒண்ணுதான்" என்றார் அப்பா. ரோட்டுப் பாலம் 1988-ல்தான் வந்தது. இப்போது 1914-ஆம் வருடத்து ரயில் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது.

பள்ளிவாசல் தெரு குறுகலானது. காரை வெளியே விட்டுவிட்டு ஆட்டோவில் போவதுதான் நல்லது. சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய வீடு என்று அவரே எழுதியிருப்பதால் பழைய வீடாக இருக்கும் என நினைத்துப் போகாதீர்கள், புதுப்பித்துவிட்டார்கள். மாடியில் காட்சிக்கூடம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறினார்.

படங்கள், விருதுகள், பட்டங்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார்கள். ஒரு பழைய குடும்பப் படத்துக்கு முன்னால் நின்று மகளுக்கு நான் கலாமின் அம்மா ஆஷியம்மா கதையைச் சொன்னேன். உலகப்போர் காலம், ரேஷன் தட்டுப்பாடு. அம்மா வைக்க வைக்கச் சின்னப் பையன் கலாம் சப்பாத்தியைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். தன் பங்கையும் அவனுக்கே வைத்துவிட்டு அம்மா பட்டினி கிடப்பதைப் பிறகு அண்ணன்தான் அவருக்குச் சொன்னாராம். அந்த வீட்டில் குடும்பத்தாரைவிட வெளியாட்களே தினமும் அதிகம் சாப்பிட்டார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கால் வலியென்று நினைத்தேன்.

"புயலுக்கப்புறம் எங்காத்தா என்னைய இடுப்புல வச்சிக்கிட்டு இந்த ஊருக்குத்தான் நடந்து வந்துச்சு. ஒரு வீட்டுல கஞ்சி ஊத்துனாக. தலையில முக்காடு போட்ட அம்மா. எந்தத் தெருன்னு தெரியல."

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். ஆத்தாவுக்குப் பிறந்த ஊர் தனுஷ்கோடி என்பது தெரியும். இந்தக் கஞ்சிக் கதையை அம்மா அதுவரை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. கலாம் வீடுதான் அது என்று நான் சொல்ல வரவில்லை; அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் தெருவுக்கு வந்த பிறகும் வாசல் வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

பேக்கரும்பில் இருக்கும் நினைவிடத்துக்கும் போனோம். 2015 ஜூலை 30-ல் அவரை அடக்கம் செய்த இடம். நினைவிடத்தை 2017-ல் திறந்தார்கள். பெரியது, அழகானது, கூட்டமும் அதிகம். நேரம் குறைவாக இருந்தால் வீட்டுக்கே போங்கள் என்பேன்.

மதியத்துக்கு மேல் தனுஷ்கோடி. போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காததால், ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைச் சின்ன வயதில் அவர் பொறுக்கிச் சேர்த்தது இந்தப் பாதையில்தான் என்று மகள் தம்பிக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். இடிந்த தேவாலயத்தைத் தாண்டியதும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் கொஞ்ச தூரம் நடந்துபோய், கடல் பக்கமாகக் கை நீட்டி, "எங்க வீடு அங்கன இருந்துச்சு" என்றார். தண்ணீர்தான் தெரிந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாசல் எந்தப் பக்கம் இருந்தது அப்பத்தா என்று கேட்டாள்.