அம்மாவின் கிராஸ் ஸ்டிச் மயிலை இயந்திர வளையத்துக்குள் கொண்டு வந்தபோது

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு சகோதரி:

தைப்பூசக் காவடிக்கு எங்கள் வீட்டு முருகன் படத்தின் கீழே விரிக்கும் துணியில், அம்மா பல ஆண்டுகளுக்கு முன் கையால் போட்ட மயிலையே இம்முறை எம்பிராய்டரி இயந்திரத்தில் தைக்க விரும்பினேன். அங்குலத்துக்கு 14 கட்டம் கொண்ட ஐடா துணியில் (இங்குள்ள கடைகளில் 'புவான் த குருவா' துணி என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள்) குறுக்கே 72 கட்டங்கள் வருமாறு அம்மா அதைப் போட்டிருந்தார். அதன் அகலம் ஏறத்தாழ 131 மில்லிமீட்டர். என் இயந்திரத்தில் துணியை இழுத்துப் பிடிக்கும் வளையமோ 100 மில்லிமீட்டர் சதுரம். ஆகவே கணினியில் பதிந்து வைத்திருந்த, ஊசி இறங்கும் இடங்களைச் சொல்லும் தையல் கோப்பை அப்படியே 98 மில்லிமீட்டருக்குச் சுருக்கினேன்.

தைத்து எடுத்தபோது மயிலின் கழுத்து அட்டை போல் விறைத்து நின்றது. கிராஸ் ஸ்டிச்சின் பெருக்கல் குறி வடிவத் தையல் ஒன்றுகூடத் தனித்துத் தெரியவில்லை. துணியை விளக்கொளியில் பிடித்துப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது: ஒரு பெருக்கலின் மூலை பக்கத்திலுள்ள மூன்றுக்கும் மூலையாக இருப்பதால் ஊசி அதே துளையில் திரும்பத் திரும்ப இறங்குகிறது, கட்டம் 1.36 மில்லிமீட்டராகச் சுருங்கியதும் அத்துளைகள் நெருங்கி, தபால் தலையின் ஓரம் போலத் துணி பிரியத் தொடங்கியிருந்தது. கட்டம் சுருங்கினாலும் 40 எண் நூலின் தடிமன் சுருங்குவதில்லை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. தையல் அடர்த்தியை மறுபடி கணக்கிடும் மென்பொருள் வசதியையும் முயன்றேன். அது தையல்களைத் தன் போக்கில் நீக்கியும் சேர்த்தும் பெருக்கல்களின் கைகளை (குறுக்குக் கோடுகளை) நடுவிலேயே முறித்துவிட்டது.

பிறகு அத்தையின் இயந்திரத்தை இரவல் வாங்கினேன். அதன் வளையம் 130-க்கு 180 மில்லிமீட்டர். தையல் கோப்பைத் தொடாமல், மூலக் கட்ட வரைபடத்தில் கட்டத்தின் அளவை மட்டும் 1.8 மில்லிமீட்டர் என மாற்றி, அதிலிருந்து தையலைப் புதிதாக உருவாக்கினேன். 72 கட்டங்களுக்கு 129.6 வந்தது, மயிலின் அலகும் தோகை நுனியும் வளையத்துக்குள் மயிரிழையில் அடங்கின.

குவாத்ர் போர்னிலிருந்து, தையற்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர்:

அக்கா, நீங்கள் சுருக்கிப் பட்ட பாட்டை நான் பெரிதாக்கிப் பட்டேன். சுவரில் மாட்டும் வேல் ஒன்றை 2 மில்லிமீட்டர் கட்டத்திலிருந்து 3 மில்லிமீட்டருக்குக் கொண்டு சென்றேன். ஒவ்வொரு கையும் 2.8-இலிருந்து 4.2 மில்லிமீட்டராக நீண்டதால் நூல் மெலிந்து, துணியின் நிறம் இடையிடையே எட்டிப் பார்த்தது. 40-ஐவிடத் தடிமனான 30 எண் நூலுக்கு மாறி, ஒரு கையின் மேல் நூல் கூடுதலாக ஒரு சுற்றுப் போய் வரும்படி வைத்த பிறகே வேல் நிறைந்து தெரிந்தது. சட்டத்துக்குப் பொருந்தட்டும் என்று அகலத்தை மட்டும் இழுத்துப் பார்த்ததும் தவறு. சதுரங்கள் நீள்சதுரமாகி, வேலின் நுனி மழுங்கிவிட்டது.

ரோஸ் ஹில் சகோதரி:

தம்பி, நீங்கள் சொன்ன நூல் மாற்றம் எனக்கும் பயன்படும். எதிரே பார்க்கும் இரண்டாவது மயிலுக்காகத் தையல் கோப்பைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினேன். மேலே வரும் கைகளெல்லாம் எதிர்த்திசையில் சாய்ந்துவிட்டதால், ஒரே நீல ரேயான் நூல் இரு மயில்களிலும் இரு நிறம் போல மின்னியது. இப்போது கட்ட வரைபடத்தைத் திருப்பி, தையலைப் புதிதாக உருவாக்கிக்கொண்டிருக்கிறேன்.