வகுப்பைத் திருத்த மாணவர்களையே துணைக்கு அழைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் ஒரு கல்லூரியில் இளங்கலை இயற்பியல் நடத்துகிறேன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வரும் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்களுக்கு இங்கே திடீரென்று எல்லாம் ஆங்கிலம்.

செமஸ்டர் முடிவில் கருத்துப் படிவம் கொடுக்கிறோம். எல்லாரும் 'மிக நன்று' என்று டிக் அடித்துவிடுகிறார்கள். இன்டர்னல் 25 மார்க் என் கையில் இருக்கும்போது வேறென்ன எழுதுவார்கள், பாவம்! அப்படியே எழுதினாலும் பலன் அடுத்த செட்டுக்குத்தான்.

அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரியில் ஒரு முறை இருக்கிறது. அந்தப் பாடத்தைப் படிக்காத வேறொரு மாணவர் வாரம் ஒருமுறை வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அப்புறம் ஆசிரியரும் அவரும் அதை வைத்துப் பேசுவார்கள். மார்க் பயம் இல்லை. மாணவருக்குச் சம்பளமும் உண்டு!

இதை ஒரே ஒரு வகுப்பில் செய்து பார்க்க ஆசை. தமிழ்த்துறை மாணவி ஒருவர் சம்மதித்திருக்கிறார். "சார், நீங்க போர்டைப் பார்த்தே பேசுறீங்க, அதையும் எழுதலாமா?" என்று முதல் நாளே கேட்டார். சுருக்கென்றது. சரி, எழுதும்மா என்றேன்.

இந்தப் பக்கம் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? துறைத்தலைவரிடம் எப்படிப் பேசினீர்கள்? குறிப்பெடுக்க மாதிரித் தாள் இருந்தால் அனுப்புங்கள். சம்பளத்துக்கு வழியில்லை, அதற்குப் பதிலாக அந்தப் பெண்ணுக்கு என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.