கோணலாகக் கூடிய கை: வலி எந்த இடத்தில், எந்த அசைவில்?

பாம்பன், மண்டபம் பக்கம் படகுத் தளத்தில் வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டு உடைந்தவர்கள், கட்டுப் பிரித்து ஆறு மாதம் ஆனபிறகும் வலியோடு வருகிறார்கள். "எலும்புதான் கூடிடுச்சே, இன்னும் ஏன் வலிக்குது?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். கூடியிருக்கிறது, நேராகக் கூடவில்லை. முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு நசுங்கிக் குட்டையாகிவிடும். சுண்டுவிரல் பக்க எலும்பு பழைய நீளத்திலேயே நின்று மணிக்கட்டை முட்டும். அதனால்தான் உடைந்தது ஒரு பக்கம், வலி இன்னொரு பக்கம். ஈரத்துணி பிழிந்தால் சுருக்கென்று தெரியும்.

வீட்டிலேயே பார்க்கலாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடக்கி, கைக்கொரு பேனாவைப் பிடித்து, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புங்கள். எந்தப் பேனா பாதியில் நிற்கிறது? உள்ளங்கை மேலே திரும்பாதவர்கள் சில்லறை வாங்கும்போது தோளையே சாய்ப்பார்கள், தங்களுக்கே தெரியாமல்.

எக்ஸ்ரே எடுக்கும்போது நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் இரண்டும் வேண்டும். நல்ல கைக்கும் எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை மில்லிமீட்டர் குட்டை, எவ்வளவு சாய்வு என்பது ஒப்பிட்டால்தான் தெரியும். உடைந்த அன்று எடுத்த ஃபிலிமும் கையோடு போகட்டும்.

*

மேலே சொன்னதோடு இன்னொன்று. எல்லா வலியும் கோணலால் வருவதில்லை. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. தொட்டாலே எரிச்சல், தோல் பளபளப்பு, வியர்வை, நிறமாற்றம் இருந்தால் அது நரம்பு வலிக் கோளாறு. அதை அடக்காமல் எலும்பில் கத்தி வைத்தால் வலி கூடலாம். உடைந்தது முழங்கையென்றால் எண்ணெய் போட்டு இழுத்து நீவ விடவே விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கிழிந்த தசைக்குள் புது எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். நீங்களாக மடக்கி நீட்டும் அளவுதான் சரி.

*

ஆபரேஷன் என்று முடிவானால்: கோணலான இடத்தில் எலும்பை வெட்டி, நிமிர்த்தி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போடுவார்கள். இடைவெளி விழுந்தால் இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து நிரப்புவதுண்டு. நீளம் மட்டும்தான் சிக்கல் என்றால் சுண்டுவிரல் பக்க எலும்பைக் குறைத்தாலே சிலருக்குப் போதும். இதைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

நம் ஆட்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் செய்துகொள்ளலாம் என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்தான். படகில் வலை இழுக்கும் விஞ்ச் கயிறு பிடிக்கிற வலு வர பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். மார்ச் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். பீடி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். முன்கூட்டியே நிறுத்துங்கள், சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், படுக்கையில் சேருமுன் காப்பீட்டுக் கவுண்டரில் இந்த ஆபரேஷனுக்கு முன்அனுமதி வாங்கிவிடுங்கள்.