ஹஸ்கி குட்டிக்கு என்ன உணவு கொடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே, கோவையில் இருக்கிறோம். எங்கள் ஹஸ்கி நாய்க்குட்டிக்கு 4 மாதம் ஆகிறது. பப்பி உலர் உணவோடு வேகவைத்த கோழியும் கொஞ்சம் சோறும் வைக்கிறோம். கோழியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, சோற்றைத் தட்டோரம் தள்ளிவிடுகிறாள்.

இப்போது மூக்கோரம் தோல் செதில் செதிலாக உரிகிறது. ஹஸ்கி இனத்துக்குத் துத்தநாகம் உடம்பில் சரியாகச் சேராத கோளாறு வருவதுண்டு. தானியம் அதிகமானால் அது இன்னும் மோசமாகலாம். அதுதான் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை டாக்டரிடம் காட்டுகிறோம். அதுவரை சோற்றை நிறுத்திவிடலாமா?

கால்சியம் கூடினாலும் வளரும் எலும்புக்குக் கெடுதல் என்பதால் டானிக் எதுவும் கொடுக்கவில்லை. அப்புறம், ஹஸ்கி வளர்த்தவர்கள் இந்த வயதில் எந்த உணவை எத்தனை வேளை கொடுத்தீர்கள்? சொல்லுங்கள், ப்ளீஸ்.