நாற்பதை நெருங்கும் வயதில் எந்த டேட்டிங் செயலி பொருத்தமாக இருக்கும்?

நீலத்திரை எழுதியது:

எனக்கு வயது 39. விவாகரத்தாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பள்ளியில் படிக்கும் மகன் என்னுடன் வளர்கிறான். பெருநகரம் ஒன்றில் முழுநேர வேலையில் இருப்பதால், புதியவர்களைத் தற்செயலாகச் சந்தித்துப் பழகும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. உடனடியாகத் திருமணம் செய்துகொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. அதே சமயம், நான்கு நாள் பேசிவிட்டுக் காணாமல் போகிறவர்களோடு மாலை நேரத்தை வீணாக்கவும் விருப்பமில்லை. டிண்டர், பம்பிள், ஹிஞ்ச், ஓகேக்யூபிட் என்று பெயர்கள் தெரியுமே தவிர, என் நிலையில் இருப்பவருக்கு எது உதவும் என்று தெரியவில்லை. பணம் கட்டிச் சேர்வதால் பயன் உண்டா? அலுவலகத்தில் இருப்பவர்களின் கண்ணில் படாமல் இருக்க வழி உண்டா? பயன்படுத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அகலப்பாதை எழுதியது:

என் வயது 43, குழந்தை இல்லை. உங்கள் விவரங்களைப் பார்க்கும்போது ஹிஞ்ச் செயலியிலிருந்து தொடங்கலாம் என்று சொல்வேன். டிண்டர் வந்த தொடக்க ஆண்டுகளில் படத்தைப் பார்த்து வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளுவதுதான் முழு வேலையாக இருந்தது. இன்றும் அதன் இயல்பு பெரிதாக மாறிவிடவில்லை. ஹிஞ்ச் சில கேள்விகளைக் கொடுத்து நம்மையே பதில் எழுத வைக்கிறது. நம்மைப் பிடித்தவர் குறிப்பிட்ட ஒரு படத்தையோ பதிலையோ தேர்ந்தெடுத்து, விரும்பினால் அதன் கீழே கருத்தும் எழுதலாம் என்பதால், 'வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்' என்பதோடு நின்றுபோகும் உரையாடல்கள் குறைகின்றன. குழந்தை உண்டா, இனி வேண்டுமா, எந்த வகை உறவைத் தேடுகிறீர்கள் என்பவற்றையும் சுயவிவரத்திலேயே குறிப்பிடலாம். இருபதுகளில் இவை மூன்றாவது சந்திப்பில் பேசும் விஷயங்களாக இருந்திருக்கலாம். நம் வயதில் முதல் செய்திக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை.

இன்னொரு செய்தி: ஹிஞ்ச் நாள்தோறும் 'மிகவும் பொருத்தமானவர்' என்று ஒருவரைக் காட்டுவதற்கு, கேல், ஷேப்லி என்ற இருவர் 1962இல் வெளியிட்ட கணித முறையை அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. இரு தரப்பின் விருப்ப வரிசையையும் பார்த்து இணை சேர்க்கும் முறை அது. அந்தத் துறைக்கான பங்களிப்புக்காக ஷேப்லிக்கு 2012இல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது.

கணக்குப்புலி எழுதியது:

நோபல் பரிசு பெற்ற கணிதமாகவே இருந்தாலும், உங்கள் நகரத்தில் உங்கள் வயதுக்காரர்கள் அந்தச் செயலியில் இல்லையென்றால் அது யாரைப் பொருத்திக் காட்டும்? ஒரே செயலி ஒரு நகரத்தில் நாற்பது வயதுக்காரர்களால் நிரம்பியும், மற்றொரு நகரத்தில் கல்லூரி மாணவர்களால் நிரம்பியும் இருக்கக்கூடும். ஆகவே பணம் கட்டாமல் இரண்டில் சேர்ந்து, நீங்கள் விரும்பும் வயது வரம்பையும் தூரத்தையும் குறித்து, சில வாரங்கள் யார் யார் வருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். தூரம் குறிக்கும்போது வரைபடத்தை நம்ப வேண்டாம். பெருநகரத்தில் பத்து கிலோமீட்டர் என்பது சில திசைகளில் அரை மணி, சில திசைகளில் ஒன்றரை மணி. வேலையும் பிள்ளையும் இருப்பவருக்கு அந்த ஒரு மணி நேர வேறுபாடே உறவு தொடர்வதைத் தீர்மானித்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட் மூன்றும் மேட்ச் குழுமம் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஒன்றில் சலித்து மற்றொன்றுக்குச் சந்தா கட்டினாலும் பணம் அதே பெட்டிக்குத்தான் போகிறது. பம்பிள் தனி நிறுவனம். முப்பதைக் கடந்தவர்களிடம் டிண்டர் கூடுதல் கட்டணம் வாங்கியது, அதற்காக வழக்கையும் சந்தித்தது என்பதை நம் வயதுக்காரர்கள் மறக்க வேண்டியதில்லை. சந்தா கட்டினால் பொதுவாகக் கூடுதல் வடிகட்டிகளும், உங்களை விரும்பியவர்களின் முழுப் பட்டியலும் கிடைக்கும். புதிய மனிதர்கள் கிடைக்க மாட்டார்கள். கட்டுவதானால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தானாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், செயலியைப் பதிவிறக்கிய செயலிக் கடையின் சந்தாப் பக்கத்தில் போய்த் தனியாக நிறுத்த வேண்டும்.

மழைத்தூரல் எழுதியது:

நீலத்திரை, உங்கள் மூன்றாவது கேள்வியை இருவரும் விட்டுவிட்டார்கள். தெரிந்தவர்களின் எண்களை முன்கூட்டியே தடுத்துவைக்கும் வசதி டிண்டரிலும் ஹிஞ்சிலும் உண்டு. ஆனால் அவர்கள் வேறு எண்ணில் பதிவு செய்திருந்தால் அது உதவாது. நீங்கள் விரும்பியவருக்கு மட்டும் உங்கள் சுயவிவரம் தெரியும்படி வைக்கும் மறைநிலை டிண்டரிலும் பம்பிளிலும் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. உங்கள் நிலையில் பணம் கொடுக்கத் தகுந்தது என்று நான் கருதுவது அது ஒன்றைத்தான். சமூக வலைத்தளங்களில் ஏற்கெனவே போட்ட படங்களை இங்கே பயன்படுத்த வேண்டாம். படத்தை வைத்துத் தேடினால் உங்கள் முழுப்பெயர் வெளிவந்துவிடக்கூடும்.

பம்பிளில் பெண்தான் உரையாடலைத் தொடங்க வேண்டும் என்ற விதியோடு 2014இல் தொடங்கினார்கள். 2024 முதல், பெண் ஒரு கேள்வியை முன்பே வைத்துவிட்டு ஆணின் பதிலுக்குக் காத்திருக்கலாம். தேவையற்ற செய்திகள் குறையும் என்பது உண்மை. ஆனால் பொருத்தம் அமைந்த 24 மணி நேரத்துக்குள் முதல் நகர்வு நிகழாவிட்டால் தொடர்பு காலாவதியாகிவிடும். வேலை நெருக்கடியுள்ள வாரத்தில் அது தொல்லையாகவே இருக்கும்.

விரைவில் வேறு செய்திச் செயலிக்கு அழைத்துப் போகிறவர், காணொளியில் முகம் காட்டத் தயங்குகிறவர், சில வாரக் கனிவான பேச்சுக்குப் பிறகு கிரிப்டோ முதலீட்டைப் பற்றித் தொடங்குகிறவர், இவர்களிடம் விளக்கம் கேட்காமல் விலகிவிடுங்கள். சேமிப்பு உள்ளவர்கள், தனியாக இருப்பவர்கள் என்பதால் நம் வயதினரை மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள்.

நீலத்திரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஹிஞ்சும் பம்பிளும் கட்டணமின்றிச் சேர்ந்து பார்க்கிறேன். ஒரே ஒரு ஐயம்: மகன் இருப்பதைத் தொடக்கத்திலேயே எழுதினால் பலர் விலகிப் போவார்களே, பழகியபின் சொல்வது சரியாக இருக்குமா?

மழைத்தூரல் எழுதியது:

தொடக்கத்திலேயே எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு விலகுகிறவர் உங்களுக்கு ஒரு மாலையை மிச்சப்படுத்துகிறார். மகன் இருக்கிறான் என்ற ஒரு வரி போதும். அவன் பெயர், படிக்கும் பள்ளி, படம் எதுவும் சுயவிவரத்தில் இடம்பெற வேண்டாம். நேரில் சந்தித்து நம்பிக்கை வரும்வரை பேச்சிலும் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.